ஹுமாயூன்பூரின் கத்தரிக்கோல்கள்

மலையிலிருந்து இறங்கி வரும் இளைஞர்கள் தலைநகரின் தலைகளை அழகுபடுத்துகிறார்கள். தொழில் மீது கொள்ளை ஆசை. ஊரில் ஒரு சொந்தக் கடை என்பது கனவு. குறுக்கே நிற்பவை பல.

தெற்கு தில்லியில் சஃப்தர்ஜங் என்க்ளேவின் அகலமான தெருக்களும் மரநிழலும் ஓரிடத்தில் சட்டென்று முடிந்துபோகின்றன. அதற்கப்பால் ஹுமாயூன்பூர். பெயருக்குத்தான் கிராமம். ஜாட் குடும்பங்களின் வயல்கள் எப்போதோ காலனிகளாகிவிட்டன. வீடுகள் இருந்த நிலம் மட்டும் மிஞ்சியது. அதன் மேல் இப்போது நாலு மாடி, ஐந்து மாடி என்று ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் கட்டடங்கள். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். தலைக்கு மேலே சிக்குப் பிடித்த கூந்தல்போல் மின்கம்பிகள். கயிற்றுக் கட்டிலில் ஹுக்காவோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைத் தாண்டி நாலு எட்டு வைத்தால், புகையில் வாட்டிய பன்றிக்கறியும் மூங்கில் குருத்தும் ராஜா மிளகாயும் விற்கும் கடை. அடுத்த வாசலில் மணிப்பூர்ச் சாப்பாடு. மாடியில் நாகா உணவகம். இடையிடையே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்ட குட்டி சலூன்கள்.

காலை ஒன்பதரை மணி வாக்கில் இந்தச் சந்துகளிலிருந்து ஒரு கறுப்புச் சட்டைப் பட்டாளம் கிளம்புகிறது. அரசியல் எதுவும் இல்லை. தில்லியின் பெரிய சலூன்களில் பெரும்பாலும் கறுப்புதான் சீருடை. தெறிக்கும் சாயமும் ஒட்டிக்கொள்ளும் முடித் துணுக்கும் அதில் தெரியாது. சிலர் கிரீன் பார்க் மெட்ரோ நிலையத்தை நோக்கி நடக்கிறார்கள். சிலர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். கான் மார்க்கெட், சவுத் எக்ஸ்டென்ஷன், சாகேத் மால்கள், குர்காவ்ன் என்று திசைக்கு ஒருவராகப் பிரிகிறார்கள். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, டார்ஜிலிங் முகங்கள். பைக்குள் மதியச் சாப்பாடு. அதோடு தோலுறையில் செருகிய சொந்தக் கத்தரிக்கோல். கை தேறிய யாரும் கடைக் கத்தரியை நம்புவதில்லை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஏதாவது, அடுத்த சில மாதங்களில் மிச்சம் பிடித்து நல்ல எஃகில் ஐந்தரை அங்குலக் கத்தரி என்பது இந்த வட்டாரத்தில் எழுதப்படாத சட்டம்.

முடிவெட்டு என்பது தில்லியில் ஒரு காலத்தில் மூன்றே விதம். வேப்பமரத்தடியில், சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்ட நடைபாதை நாவிதர் ஒன்று. காலனி வீட்டின் முன்னறையில் ஒரு அம்மாள் நடத்தும் பியூட்டி பார்லர் இரண்டாவது. காசுக்காரர்களுக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டல். தாராளமயம் வந்த காலத்தை ஒட்டி நிலைமை மாறியது. 1989இல் சஃப்தர்ஜங் பகுதியில்தான் வி.எல்.சி.சி. தன் முதல் மையத்தைத் திறந்தது. 1997இல் லோரியால் தன் சலூன் சரக்குகளோடு இந்தியாவுக்கு வந்தது. 1999இல் அன்சல் பிளாசா திறந்தபோது தில்லிக்கு மால் என்றால் என்ன என்று தெரிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் மாலுக்கு மால் சலூன். அவற்றுக்கெல்லாம் கைகள் வேண்டியிருந்தன. வடகிழக்கிலோ படித்துவிட்டு வேலையில்லாமல் இளைஞர்கள். ஒரு பக்கம் தீவிரவாதம், இன்னொரு பக்கம் ராணுவம், எதற்கெடுத்தாலும் பந்த். 2012இல் வெளியான ஒரு நூலில் ஆய்வாளர் டங்கன் மக்டூயி-ரா இந்த இடப்பெயர்ச்சியை ஆராய்ந்திருக்கிறார். கடைகளும் கால் சென்டர்களும்தான் இவர்களைத் தலைநகருக்கு இழுத்த காந்தம்.

இவர்களை ஏன் சலூன்காரர்கள் விரும்பினார்கள் என்பதற்குக் காரணம் சொல்லச் சங்கடமானது. பளிச்சென்ற தோற்றம், ஆங்கிலம், நாகரிகமான உடை, மென்மையான பேச்சு என்று பட்டியல் போடுவார்கள். சாராம்சம் ஒன்றுதான். வாடிக்கையாளர் கண்ணுக்கு இவர்கள் பாதி வெளிநாட்டினர். பாங்காக்கிலோ சியோலிலோ உட்கார்ந்திருப்பதுபோல ஒரு மயக்கம். தெருவில் எந்த முகத்தைக் கேலி செய்கிறார்களோ, கண்ணாடிக் கதவுக்குள் அதே முகம் கடையின் அலங்காரம்.

ஆனால் முதலாளிகளின் கணக்கில் வராத வேறொரு காரணமும் உண்டு. மலைச் சமூகங்களில் நாவிதர் சாதி என்று ஒன்று கிடையாது. கத்தரி பிடித்தால் தீட்டு, சவரக்கத்தி பிடித்தால் இழிவு என்ற எண்ணம் அங்கே முளைக்கவே இல்லை. முடி என்பது அங்கே அடையாளம், அலங்காரம். மணிப்பூரின் உக்ருல் மலைகளில் வாழும் தாங்குல் நாகர்களின் ஆண்கள் பக்கவாட்டில் மழித்து நடுவில் மட்டும் வரிசையாக முடி வைப்பார்கள். ஹவோகுய்ராட் என்று அதற்குப் பெயர். அதே சிகையோடு மேடையேறும் நாட்டுப்புறப் பாடகர் ரூபன் மஷாங்வாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று மாலில் காசு கொடுத்து வெட்டிக்கொள்ளும் மோஹாக் கிராப்பைத் தாங்குல் கிழவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

பிறகு வந்தது கொரியா. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் மணிப்பூரின் தீவிரவாத அமைப்பு ஒன்று இந்திப் படங்களுக்கும் இந்தித் தொலைக்காட்சிக்கும் தடை விதித்தது. காலியான இடத்தை அரிராங் என்ற கொரியச் சேனலும் திருட்டு சி.டி.க்களும் நிரப்பின. இம்பாலிலும் சுராசந்த்பூரிலும் ஐஸ்வாலிலும் பையன்கள் கொரிய நாயகர்களின் தலையைப் போலவே வெட்டச் சொல்லி நின்றார்கள். புருவம் வரை விழும் முன்முடி, படிப்படியாக இறங்கும் பின்முடி, தேன் நிறச் சாயம். மற்ற இந்தியா கொரிய நாடகத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தச் சிறு நகரங்களின் கத்தரிகள் அந்தப் பாடத்தை முடித்திருந்தன. தில்லிக்கு ரயிலேறும்போது ஒரு கலை ஏற்கெனவே கையில் இருந்தது.

சமவெளியின் கதையே வேறு. வட இந்தியாவில் நாயீ, சேன், சவிதா என்று பல பெயர்கள். முஸ்லிம் நாவிதர்கள் தங்களை சல்மானி என்பார்கள். கல்யாணம் பேசுவது முதல் கருமாதி வரை இவர்கள் இல்லாமல் ஊரில் ஒன்றும் நடக்காது. இருந்தும் திண்ணைக்குக் கீழேதான் இடம். தமிழ்நாட்டில் மட்டும் என்ன? மருத்துவமும் மகப்பேறும் கைவந்த சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் இருந்தும், சாதிப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பீகாரில் நாவிதர் குடும்பத்தில் பிறந்த கர்ப்பூரி தாக்கூர் இரண்டு முறை முதலமைச்சரானார். 2024இல் பாரத ரத்னாவும் கிடைத்தது, அவர் இறந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து. 2009இல் ஷாருக் கான் தயாரித்த இந்திப் படத்தின் பெயரிலிருந்து ‘பார்பர்’ என்ற சொல்லை நீக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்லே இழிவு என்று தொழிலாளர்கள் எதிர்த்ததால் ‘பில்லு பார்பர்’ வெறும் ‘பில்லு’ ஆனான். ரஜினிகாந்த் நடித்த ‘குசேலன்’ அதே கதைதான்.

பெயரை மாற்றினால் தொழிலின் மதிப்பு மாறுமா? ஒரு குடும்பத்தில் மாறியது. லின்லித்கோ, மவுன்ட்பேட்டன் என்று வைஸ்ராய்களுக்கும் பிறகு நேருவுக்கும் முடி வெட்டியவர் நசீர் அகமது. மகன் ஹபீப் அகமது குடியரசுத் தலைவர்களின் சிகையலங்காரர். பேரன் ஜாவேத் ஹபீப் ஜே.என்.யு.வில் பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டு, லண்டனில் சிகையலங்காரம் கற்று வந்து, குடும்பப் பெயரை நாடெங்கும் கடைப் பலகையாக்கினார். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூட அந்தப் பலகை தொங்குகிறது. தாத்தாவின் கைத்தொழிலுக்கு லண்டன் சான்றிதழும் குளிர்சாதன அறையும் சேர்ந்ததும் அது ‘பிராண்ட்’ ஆயிற்று. நடைபாதை நாவிதரின் மகன் அந்தக் கடையில் வேலைக்குச் சேரலாம். ஆனால் வேப்பமரத்துக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் லட்ச ரூபாய்ப் பயிற்சிக் கட்டணம் நிற்கிறது.

ஹுமாயூன்பூர்வாசிகளில் பலரிடம் அந்த லட்சம் கிடையாது. அவர்கள் படிப்பது கடையிலேயே. உக்ருலிலிருந்தோ லுங்லேயிலிருந்தோ வரும் இருபது வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அக்கா முறையாகும் ஒருத்தி ஏற்கெனவே இங்கே இருப்பாள். அவள் அறையில் தரையில் ஒரு மெத்தை. அவள் சிபாரிசில் ஒரு கடை. முதல் ஆறு மாதம் கத்தரியைக் கண்ணால் பார்க்கலாம், தொட முடியாது. ஷாம்பூ போடு, தரையைக் கூட்டு, துண்டு மடி, சீனியர் கேட்கும் கிளிப்பை எடுத்துக் கொடு. நாள் முழுக்க வெந்நீரிலும் ஷாம்பூவிலும் ஊறி விரலிடுக்குகள் வெடித்துவிடும். இந்தத் தொழிலின் முதல் சம்பளம் அதுதான் என்று பழையவர்கள் சொல்வார்கள்.

ஆனாலும் ஷாம்பூத் தொட்டிதான் பள்ளிக்கூடம். ஈரத் தலையைப் பத்து விரல்களும் தடவித் தடவிக் கற்றுக்கொள்கின்றன. எது மெல்லிய முடி, எது முரட்டு முடி. சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது. ஏற்கெனவே எத்தனை முறை சாயம் ஏறிய முடி. தில்லியின் உப்புத் தண்ணீரில் எவ்வளவு வறண்டிருக்கிறது. சுழியைக் கவனிக்காமல் வெட்டினால் காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். மலைப் பெண்ணின் தலைமுடி பெரும்பாலும் நேராக, கனமாக இருக்கும். பஞ்சாபிப் பெண்மணியின் அலையலையான கூந்தல் அவளுக்குப் புதிய பாடம். சுருள்முடியை ஈரத்தில் அளந்து வெட்டினால், காயும்போது இரண்டு அங்குலம் மேலே ஏறிவிடும். வாடிக்கையாளரின் புருவமும் கூடவே ஏறும்.

கத்தரி கையில் வந்த பிறகு வடிவக் கணிதம் ஆரம்பம். தலையை நாலாகவோ ஐந்தாகவோ வகிடெடுத்துப் பிரிக்க வேண்டும். முடியைத் தலையோடு ஒட்டி இழுத்து வெட்டினால் ஒரே நீளம். நாற்பத்தைந்து பாகையில் தூக்கி வெட்டினால் அடுக்கடுக்காகக் கனம் சேரும். தொண்ணூறு பாகையில் தூக்கினால் கனம் குறைந்து அலை பிறக்கும். 1960களில் லண்டனில் விடால் சாசூன் என்பவர் இப்படிக் கோணம் பார்த்து வெட்டத் தொடங்கியதிலிருந்து, வாராவாரம் பார்லருக்குப் போய் முடியைச் சுருட்டி ஸ்பிரே அடிக்கும் வேலை மேற்கத்தியப் பெண்களுக்குக் குறைந்தது. நன்றாக வெட்டிய முடி தலையை உதறினால் தானாக இடத்தில் விழும். அதைக் கண்ணாடியில் பார்க்கும் நொடிக்காகத்தான் பத்து மணி நேரம் நிற்கலாம் என்பார்கள் இந்தத் தொழிலில் மனதைப் பறிகொடுத்தவர்கள்.

சாயம் இன்னொரு வித்தை. கறுப்பு முடியைப் பொன்னிறமாக்கக் கேட்டு வரும் கல்லூரி மாணவிக்கு, நடுவில் என்னென்ன நடக்கும் என்பது தெரியாது. பிளீச் ஏற ஏறக் கறுப்பு முதலில் சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகுதான் மஞ்சள். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதுதான் அனுபவம். கலக்கும் பெராக்சைடு ஆறு சதவீதமா, ஒன்பதா, பன்னிரண்டா என்று முடியின் கனத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அவசரப்பட்டால் உச்சந்தலை எரியும். முடியை நேராக்கும் வேலை அதைவிட ஆபத்தானது. ரசாயனம் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. இரும்பால் தேய்த்து நேராக்கி, இன்னொரு ரசாயனத்தால் பிணைப்புகளை மறுபடி பூட்ட வேண்டும். ஐந்து நிமிடம் கூடினால் ஈரமுடி ரப்பர்போல் இழுபட்டு அறுந்துபோகும். ஒரு இழையை எடுத்து மெல்ல இழுத்துப் பார்த்து, ‘போதும், கழுவு’ என்று சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் சீனியர் என்ற பட்டம். டி.வி. பார்த்து வீட்டிலேயே செய்துகொண்டு வருகிறவர்களின் தலையைச் செப்பனிடுவது தனிக்கலை. அதற்குக் கட்டணமும் தனி.

வருமானம் பழைய கதைதான். உதவியாளருக்குச் சொற்பச் சம்பளம். நாற்காலி கிடைத்த பிறகு மாத இலக்கு. இலக்கைத் தாண்டினால் கமிஷன், தாண்டாவிட்டால் மேனேஜரின் முகம். ஷாம்பூ பாட்டில் விற்றுக்கொடுத்தால் அதில் ஒரு பங்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கல்யாண சீசனில் வாரவிடுப்பு எடுத்தால் பாவம். செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாது என்ற நம்பிக்கை வடக்கிலும் உண்டு. நடைபாதை நாவிதருக்கு அன்று விடுமுறை. மால் சலூனுக்கு அன்று ‘தள்ளுபடி நாள்’. பத்து மணி நேரம் நின்ற கால்களில் முப்பது வயதுக்குள் நரம்பு சுருண்டுகொள்கிறது. மணிக்கட்டு வலி எல்லோருக்கும் பொது. சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகும், தம்பியின் பள்ளிக் கட்டணமாக.

இரவில் வீடு திரும்புவது தனி அத்தியாயம். ஹுமாயூன்பூர் மாதிரியே வடகிழக்கினர் நிறைந்த இன்னொரு கிராமம் முனீர்க்கா. ஆர்.கே. புரம் மலை மந்திரில் சுவாமிநாதரைத் தரிசித்துவிட்டு இறங்கும் தில்லித் தமிழர்களுக்கு அது நடக்கிற தூரம். 2012 டிசம்பர் 16 இரவு, நாட்டையே உலுக்கிய அந்தப் பேருந்தில் ஒரு பெண்ணும் அவள் நண்பரும் ஏறியது முனீர்க்கா நிறுத்தத்தில்தான். அந்த நிறுத்தத்தில் இரவு ஒன்பதரைக்கு பஸ்ஸுக்காக நிற்பது சலூன் பெண்களுக்கு அன்றாடம். 2018இல் முனீர்க்காவுக்கு மெட்ரோ வந்தது. நிலையத்திலிருந்து அறைவரை நடக்க வேண்டிய சந்து மட்டும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு மீன் வாசனை பிடிக்காது, ஆக்ஸோனே என்ற நொதித்த சோயாவின் வாசனை அறவே பிடிக்காது. 2007இல் தில்லி போலீஸ் வடகிழக்கினருக்கென்றே ஒரு கையேடு போட்டது. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக மணக்கும் பதார்த்தங்களைச் சமைக்காதீர்கள், அடக்கமாக உடுத்துங்கள் என்று அதில் புத்திமதி. அந்த ஆக்ஸோனேயை ஒளித்துச் சமைக்கப் படும் பாட்டையே நிக்கோலஸ் கார்கோங்கோர் படமாக எடுத்தார். ஹுமாயூன்பூரில் நடக்கும் கதை அது. சிரிப்புப் படம்தான். பார்த்துவிட்டு ஹுமாயூன்பூர்க்காரர்கள் முழுதாகச் சிரித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

2014 ஜனவரி 29இல் நடந்ததில் சிரிக்க எதுவுமில்லை. அருணாசலப் பிரதேச இளைஞர் நிடோ தானியா லாஜ்பத் நகரில் ஒரு கடையில் வழி கேட்டு நின்றார். சாயம் பூசிய அவர் முடியைக் கேலி செய்தார்கள். பதிலுக்கு அவர் கோபப்பட்டார். அடித்தார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. தில்லியின் பாதிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதே பொன்னிறச் சாயத்தைப் பூசி அனுப்பிய கைகள் அன்று என்ன நினைத்திருக்கும்? பெஸ்பரூவா தலைமையில் குழு அமைத்தார்கள். அதே ஆண்டு அறிக்கை வந்தது. இனக் கேலியைத் தனிக் குற்றமாக்கச் சொன்னது அறிக்கை. போலீஸில் வடகிழக்கினருக்குத் தனிப் பிரிவும் 1093 என்ற தொலைபேசி எண்ணும் வந்தன. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, தில்லியில் ஒரு மணிப்பூர்ப் பெண்ணைக் கிருமியின் பெயர் சொல்லித் திட்டி, முகத்தில் எச்சில் துப்பினான் ஒருவன். அந்த மாதமே ஊரடங்கு. ஜூன் முதல் தேதிவரை சலூன்கள் பூட்டிக் கிடந்தன. ஆளைத் தொடாமல் செய்ய முடியாத வேலை இது. பலர் ஊருக்குத் திரும்பினார்கள். பாதிப் பேர் மறுபடி வந்தார்கள்.

தெற்கும் இதில் விலக்கல்ல. 2012 ஆகஸ்டில் வதந்தி கிளப்பிய பீதியில், பெங்களூரிலிருந்து சிறப்பு ரயில்களை நிரப்பிக்கொண்டு வடகிழக்கினர் ஓடினார்கள். சென்னையிலிருந்தும் ஓடினார்கள். அந்த வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போன பலர் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் தங்கள் தலையில் இத்தனை நாள் கைவைத்தவர் எந்த ஊர் என்பதை முதல்முறையாக விசாரித்திருப்பார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஏன் இந்தத் தொழிலை விடுவதில்லை? கால் சென்டருக்கோ ஹோட்டல் வரவேற்பறைக்கோ போகலாமே? போனவர்கள் உண்டு. ஆனால் அங்கே வேலை போனால் கையில் எதுவும் மிஞ்சாது. கத்தரி பிடித்த கைக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு. அதைவிட முக்கியம், இதில் ஏணி தெரிகிறது. ஜூனியர், சீனியர், பிறகு கம்பெனிகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி தரும் ‘எஜுகேட்டர்’. துணிந்தவர்களுக்கு வளைகுடா, சொகுசுக் கப்பல் சலூன்கள். உலக அளவிலான திறன் போட்டிகளில் வெல்டிங், தச்சு வேலைக்குப் பக்கத்தில் முடி அலங்காரமும் ஒரு பந்தயம். இந்தியா அதற்கு ஆள் அனுப்புகிறது. பெண்கள் பலருக்கு ஏணியின் உச்சி வேறு. அது இம்பாலிலோ ஐஸ்வாலிலோ கோஹிமாவிலோ தன் பெயர்ப் பலகை தொங்கும் கடை.

கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு நாற்காலி, ஒரு ஷாம்பூத் தொட்டி, கீசர், இன்வெர்ட்டர், கண்ணாடி, முன்பணம். வங்கிக்குப் போனால் ஈடு கேட்கிறார்கள். மலைநிலம் பெரும்பாலும் குலத்துக்கோ கிராமத்துக்கோ சொந்தம். அதை அடமானம் வைக்க முடியாது. வெளியார் கையில் நிலம் போகாமல் காக்கும் ஏற்பாடுதான், ஆனால் உள்ளூர்ப் பெண்ணின் கடைக்கும் அதுவே குறுக்கே நிற்கிறது. ஈடில்லாமல் 10 லட்சம் வரை என்ற வரம்போடு முத்ரா கடன் 2015இல் வந்தது. கேட்டவருக்கெல்லாம் உச்ச வரம்பு கிடைத்துவிடாது. ஆகவே இன்னும் சீட்டும் சேமிப்பும் அக்காவின் கைமாற்றும்தான் முதலீடு.

பணம் சேர்ந்தவர்களுக்கும் 2023 மே 3ஆம் தேதி வேறு பதில் வைத்திருந்தது. அன்று சுராசந்த்பூரில் தொடங்கிய மெய்தெய்-குகி கலவரம் மணிப்பூரை இரண்டாகப் பிளந்தது. 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏறத்தாழ 60,000 பேர் வீடிழந்தார்கள். மாதக்கணக்கில் இணையம் இல்லை. தில்லியில் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் மெய்தெய், ஒருவர் குகி. கடன் வாங்கிய கிளிப்பைத் திருப்பிக் கொடுக்கவும் வார்த்தை வராத நாட்கள் அவை. அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் பிரிந்துபோனார்கள். வீடே எரிந்துபோனவளுக்கு அனுப்பிய பணம் செங்கல்லாக மாறும் முன்பே சாம்பலாயிற்று. மலைப் பக்கத்துப் பெண் இம்பாலில் கடை போடுவதும், பள்ளத்தாக்குப் பெண் சுராசந்த்பூரில் கடை போடுவதும் இனிப் பேச்சுக்கும் இடமில்லை என்று ஆனது. இம்பால் விமான நிலையத்தில் இறங்கப் பயந்த குகிகள் ஐஸ்வாலுக்குப் பறந்து, அங்கிருந்து ஒரு நாள் முழுக்க மலைச்சாலையில் உலுக்கலாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஐஸ்வாலுக்கோ இப்போது ரயிலே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 13 அன்று, 48 குகைகளைக் கடந்து சாய்ராங் வரை பாதை திறந்தது. அங்கிருந்து தில்லி ஆனந்த் விஹாருக்கு நேராக ராஜதானி. இதுவரை அசாம்வரை சுமோவில் இறங்கி ரயிலுக்குக் காத்திருந்த பெண்கள் இனி ஊரின் வாசலிலேயே ஏறலாம். திரும்பிப் போகவும் அதே ரயில்தான்.

இந்தப் பாதையில் இன்னொரு பயணியும் உண்டு. கோயில்களில் காணிக்கையாக இறக்கும் தலைமுடி உட்பட, இந்தியக் கூந்தலுக்கு உலகச் சந்தையில் கிராக்கி. மிசோரம் வழியாக மியான்மருக்கும் அங்கிருந்து சீனாவுக்கும் அது கடத்தப்படுகிறது என்ற புகாரால், 2022 ஜனவரியில் மத்திய அரசு முடி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முடி கிழக்கே போகிறது. முடிதிருத்துகிறவர்கள் மேற்கே வருகிறார்கள்.

போன முடியில் கொஞ்சம் ஹுமாயூன்பூருக்கே திரும்பி வருகிறது, பயிற்சிப் பொம்மையின் தலையில். கழுத்துவரை மட்டும் உள்ள ரப்பர்ப் பொம்மை, தலையில் அசல் மனித முடி. மேஜை விளிம்பில் இறுக்கி மாட்டிக்கொள்ளலாம். விலை அதிகம் என்பதால் அறையில் மூன்று பேர் பங்குபோட்டு வாங்குவார்கள். நீளமாக இருக்கும்போது அடுக்கு வெட்டு, குறைந்த பிறகு பாப், கடைசியில் பையன் கிராப் என்று ஒரு தலை மூன்று பாடம் சொல்லித் தரும். இரவு பதினொரு மணிக்கு, கூட இருப்பவள் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்க, ஷாம்பூக்காரி ஒருத்தி பின்கழுத்தில் வகிடெடுத்து முதல் கற்றையை விரலிடுக்கில் பிடிக்கிறாள். திருப்பதியில் யாரோ இறக்கிய முடியாகக்கூட இருக்கலாம். தரையில் விரித்த பழைய செய்தித்தாள் மேல் அது விழுகிறது. வெட்டியது கோணல். அடுத்த கற்றையை எடுக்கிறாள்.